ரெடாக்ஸ் சமன்பாட்டில் அணு சரி, மின்சுமை?

எலக்ட்ரானை இழந்தால் ஆக்சிஜனேற்றம், ஏற்றால் ஒடுக்கம், இரண்டும் சேர்ந்து நடந்தால் ரெடாக்ஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சேலத்துப் பிளஸ் ஒன் பிள்ளைகள் இதைச் சொல்லிவிடுவார்கள். சறுக்குவது வேறு இடங்களில்.

ஆக்சிஜனைக் கண்டாலே ஆக்சிஜனேற்றம் என்பது

சுண்ணாம்புக்கரட்டு மாக்னசைட்டை, அதாவது மெக்னீசியம் கார்பனேட்டை, சூளையில் சுட்டால் மெக்னீசியம் ஆக்சைடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். பெயரிலேயே ஆக்சைடு இருந்தாலும் இது ரெடாக்ஸ் வினை இல்லை. ஆக்சிஜனேற்ற எண்களை (ஓர் அணுவின் கணக்கில் விழும் மின்சுமை) பாருங்கள்: மெக்னீசியம் +2, கார்பன் +4, ஆக்சிஜன் −2. சுடும் முன்பும் பின்பும் அதே எண்கள்தாம். செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு கறுப்பதோ ஆக்சிஜனேற்றம். அங்கே வெள்ளியோடு சேர்வது கந்தகம். வெள்ளி 0இலிருந்து +1க்குப் போகிறது.

பிறிதை ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருளான ஆக்சிஜனேற்றி, தான் ஒடுக்கமடையும். மாற்றி எழுதாதீர்கள்.

அணுவை எண்ணிவிட்டு மின்சுமையை விடுவது

எத்தனை பேட்ச் மாறினாலும் இந்தத் தவறு மட்டும் மாறுவதில்லை. திருத்துகிறவருக்கு எரிச்சல்தான் மிச்சம். அமிலத்தில் பெர்மாங்கனேட்டும் ஃபெர்ரஸ் (+2 இரும்பு) அயனியும் வினைபுரிவதை இப்படி எழுதுவார்கள்: இடப்பக்கம் ஒரு பெர்மாங்கனேட், ஒரு ஃபெர்ரஸ், எட்டு ஹைட்ரஜன் அயனி, வலப்பக்கம் ஒரு மாங்கனஸ் (+2 மாங்கனீசு), ஒரு ஃபெர்ரிக் (+3 இரும்பு), நான்கு தண்ணீர். ஒவ்வொரு தனிமமாக டிக் போட்டு வந்தால் எல்லாம் பொருந்தும். பக்கத்து பெஞ்சிலும் அதே விடைதான் இருக்கும்.

மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். இடப்பக்கம் −1, +2, +8 சேர்ந்து +9. வலப்பக்கம் +2, +3 சேர்ந்து +5. நான்கு எலக்ட்ரான்களுக்குக் கணக்கே இல்லை. மாங்கனீசு +7இலிருந்து +2க்கு இறங்க ஐந்து எலக்ட்ரான் வேண்டும். ஒரு ஃபெர்ரஸ் தருவது ஒன்றுதான். ஆகவே ஐந்து ஃபெர்ரஸ், ஐந்து ஃபெர்ரிக். இப்போது இருபக்கமும் +17.

தியரியில் ஒன்றிரண்டு மதிப்பெண்ணோடு போய்விடும். பிராக்டிகலில் மொத்தக் கணக்கும் கவிழும். டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மற்றதன் செறிவைக் காண்பதில், 20 மி.லி. ஃபெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டுக்கு 0.02 மோலார் பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவானால் ஃபெர்ரஸ் கரைசல் 0.1 மோலார். ஒன்றுக்கு ஒன்று என்று போட்டவருக்கு 0.02தான் வரும். மூன்று டைட்ரேஷனிலும் ஒரே ரீடிங் வந்தும் விடை பொருந்தாததால், கரைசல் கெட்டுவிட்டது என்று லேப் அசிஸ்டண்டிடம் போய் நின்ற மாணவர் உண்டு. கரைசலில் ஒரு குறையும் இல்லை.

நார்மாலிட்டியில் (லிட்டருக்கு எத்தனை சமான நிறை என்ற அளவில்) போடுகிறவர்கள் தப்பிவிடுகிறார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் சமான நிறை 31.6, அது மோலார் நிறையான 158ஐ ஐந்தால் வகுத்தது. எதற்கு ஐந்து என்று கேட்டால் முழிக்கிறார்கள். சமன்பாட்டை முடித்ததும் இருபக்க மின்சுமையின் கூட்டுத்தொகையைக் கீழே எழுதிவிடுங்கள், பரீட்சைத் தாளிலும்கூட.

கையில் கிடைத்த அமிலத்தை ஊற்றுவது

இந்த டைட்ரேஷனுக்கு நீர்த்த சல்பியூரிக் மட்டும். ஹைட்ரோகுளோரிக் ஊற்றினால் குளோரைடும் பெர்மாங்கனேட்டைத் தின்னும், ரீடிங் ஏறும். நைட்ரிக் அமிலம் தானே ஃபெர்ரஸை ஆக்சிஜனேற்றும், ரீடிங் இறங்கும். அமிலம் போதாவிட்டால் குடுவையில் பழுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு கலங்கும். அதைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

பின்னம் வந்தால் பயந்து அழிப்பது

கஞ்சமலை மாக்னடைட் என்ற இரும்புத் தாதுவில் (Fe₃O₄) இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் +8/3 வரும். அது சராசரி: மூன்று இரும்பில் ஒன்று +2, இரண்டு +3.