சின்ன வெங்காயம்: நடுவதற்கு முன்பே நடக்கும் தவறுகள்

சிங்கப்பூரில் தேக்கா சந்தையில் வாங்கிய சின்ன வெங்காயம் சமையலறைக் கூடையிலேயே முளைவிடுகிறது. அதைப் பார்த்ததும், எங்கே போட்டாலும் வரும் என்று தோன்றிவிடும். வரும்தான், தாள் வரும். காய் திரளுமா என்பதுதான் கேள்வி.

மேல்மண்ணைப் பார்த்து ஏமாறுவதுதான் பெரிய தவறு. நானும் ஏமாந்தேன். எங்கள் சமூகத் தோட்டத்தில் எனக்குக் கிடைத்த பாத்தியில் மேலே நாலு அங்குலத்துக்கு மூட்டை மண், கறுப்பாகப் பொலபொலவென்று இருந்தது. அதற்குக் கீழே செங்களி. டிசம்பரில் நட்டேன். மூன்றாம் வாரம் தாள் நுனி மஞ்சளடிக்க, தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். ஒன்றைப் பிடித்து இழுத்தால் அப்படியே கையோடு வருகிறது. வேர் இருந்த இடம் கொழகொழவென்று நாறியது. அடியழுகல்.

இப்போதெல்லாம் ஓரடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பார்க்கிறேன். வடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றியது நாலு மணி நேரம் கழித்தும் நின்றால், அந்த இடத்தில் சமதளமாக நடக்கூடாது. இதன் வேர் ஆழம் போகாது என்பதால் முக்கால் அடி மேட்டுப் பாத்தி போதும். ஜாவாவில் பிரெபெஸ் வட்டாரத்து விவசாயிகள் உயரமான பாத்தி போட்டு, சுற்றிலும் வாய்க்கால் வெட்டித்தான் வெங்காயம் எடுக்கிறார்கள்.

ஊரில் நடும் பட்டத்தை, அதாவது பருவத்தை, அப்படியே இங்கே கொண்டுவருவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் ஐப்பசியில் நடுவார்கள். சிங்கப்பூரில் அதை நம்பி நட்டால், பயிர் வளரும் காலமெல்லாம் அடைமழை. ஜனவரிக் கடைசியோ ஜூனோ பரவாயில்லை.

வெயில் கணக்கும் சேர்ந்தே வருகிறது. நாம் பூமத்திய ரேகையை ஒட்டி இருப்பதால் ஜூனில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், டிசம்பரில் தெற்கே. அடுக்குமாடி புளோக்குக்கு வடக்கே உள்ள பாத்தியில் ஜூனில் வெயில் கொட்டும். டிசம்பரில் கட்டட நிழல் விழும். ஒரே ஒரு நாள் பார்த்துவிட்டு 'நல்ல வெயில்' என்று முடிவு கட்டாதீர்கள். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் கீரை போடுங்கள்.

இங்குள்ள மண் பெரும்பாலும் புளிப்பு. வெங்காயத்துக்குக் கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை வேண்டும். சோதித்துப் பார்த்து, குறைந்தால் மட்டும் டோலமைட் சுண்ணாம்பு கலக்கலாம். கோழி எருவை அள்ளிக் கொட்டினால் தாள் செழிக்கும், கழுத்து தடிக்கும், காய் சேமிப்பில் தாங்காது. கூச்சாய் என்ற சீனப் பூண்டுக்கீரை எடுத்த பாத்தியிலேயே வெங்காயம் நடுவதும் வேண்டாம். இரண்டும் ஒரே குடும்பம், நோயும் ஒன்றே.

தாள் சாயத் தொடங்கியதும் தண்ணீரை நிறுத்துங்கள். பத்து நாளில் பிடுங்கி, தாளோடு மின்விசிறிக் காற்றில் கழுத்து சுருங்கும்வரை உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால், இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒன்று முளைக்கும் அல்லது அழுகும்.