வீட்டு நாயை வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாயின் படம் பாதி கெடுவது, பார்த்து வரைய எடுக்கும் போட்டோவிலேயே. நின்றபடி குனிந்து போனில் எடுத்தால் தலை பெருத்து, கால் குச்சியாகிவிடும். கிட்டப் போனால் மூக்கு வீங்கும். குந்தியிருந்து, நாயின் கண் மட்டத்துக்குப் போனை இறக்கி, இரண்டு மீற்றர் தள்ளி 2 மடங்கு ஸூமில் எடுங்கள். பிளாஷ் போட்டால் கண் பச்சையாக மின்னி, கண்மணியே தெரியாது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் மூடுபனி இறங்கிய நேரத்தில் நிழலே விழாது, முக எலும்பு தட்டையாகிவிடும். இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) பக்கவாட்டு வெளிச்சம் விழும் இடமே நல்லது.

அடுத்தது பெரிய தவறு: மயிரிலிருந்து தொடங்குவது. இனத்தின் குணம் மண்டையிலும் காதிலும்தான் இருக்கிறது. அல்சேஷனுக்குக் கண்ணுக்கு முன்னால் உள்ள முகவாயும் (மூக்கும் வாயும் நீண்டு நிற்கும் பகுதி) பின்னால் உள்ள மண்டையும் ஏறத்தாழ ஒரே நீளம். முகவாயைக் குறுக்கினால் குட்டி போலாகிவிடும். லாப்ரடோரின் காது சற்றுப் பின்னால் தொடங்கித் தலையோடு ஒட்டித் தொங்கும்; அதை முன்னுக்கு இழுத்தால் வேறு நாய். முதலில் மயிரே இல்லாமல் பென்சிலால் மண்டை, முகவாய், காதின் அடி மூன்றையும் அளந்து போடுங்கள்.

தோட்ட லயத்து (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) ஊர் நாயை வரைபவர்கள் அதை 'அழகாக்க' இரண்டு காதையும் நிமிர்த்திவிடுகிறார்கள். வேண்டாம். ஒரு காது மடிந்து மற்றது நின்றால், அதுதான் அந்த நாய். வீட்டுக்காரருக்கு அடையாளமே அதுதான்.

கண்ணைச் சுற்றி மனிதருக்குப் போல வெள்ளை வைத்தால் நாய் மிரண்டது போலிருக்கும். மேல் இமையின் நிழல் கருவிழியின் மேற்பகுதியில் விழ வேண்டும். ஒளிப்புள்ளி இரு கண்ணிலும் ஒரே பக்கம்.

கறுப்பு நாய்க்குக் வர்ணக் குழாயிலிருந்து வரும் கறுப்பை அப்படியே பூசாதீர்கள், படத்தில் ஓட்டை விழுந்தது போலாகும். அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்து அடர்த்தியாக எடுங்கள். முதுகில் வானம் படும் இடத்துக்கு நீலச் சாம்பல். மூக்குக்குப் பின்னாலுள்ள மயிர் நெற்றியை நோக்கிப் படியும், கழுத்தில்தான் நீளும். ஒவ்வொரு மயிராக இழுக்காமல், நிழல் முடியும் விளிம்பில் மட்டும் சில கீறல் போதும்.

மலைநாட்டில் கடைசித் தவறு அவசரம். ஈரக் காற்றில் நீர்வர்ணம் காய நேரமாகும். கன்னம் காயுமுன் கண்ணைத் தொட்டால் கறுப்பு ஓடிவிடும். சதுர மீற்றருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாளில், ஹெயார் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடித்து ஒவ்வொரு பூச்சையும் காயவையுங்கள். அக்ரிலிக் வர்ணம் 10 பாகை செல்சியசுக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. தை, மாசி இரவுகளில் அதை வெளியே விடாமல், அடுப்படிக்கு அடுத்த அறையில் புகை படாமல் வையுங்கள்.