மேய்ச்சல் புல்: உயரத்தைப் பார்த்துச் சத்தை எடை போடாதீர்கள்

புல் இடுப்பளவு வளர்ந்து நின்றால் தீவனக் கவலை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறோம். மேய்ச்சல் நிலத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. புல்லின் அளவு உச்சத்தைத் தொடும் நேரத்தில் அதன் சத்து இறங்க ஆரம்பித்திருக்கும். மழைக்குப் பின் துளிர்க்கும் இளம் புல்லில் புரதம் 15 சதவீதத்தைத் தாண்டக்கூடும். கதிர் விட்டதும் இலை குறைந்து தண்டு பெருகும், லிக்னின் என்ற செரிக்காத மரச்சத்து ஏறும். முழுக்கக் காய்ந்தபின் புரதம் பெரும்பாலும் 3 முதல் 5 சதவீதம்தான்.

ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் நிலைமை மோசம். அசைபோடும் வயிற்றில் நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாது. செரிமானம் மந்தமாகி, வயிறு சீக்கிரம் காலியாகாமல், மாடு தின்பதும் குறையும். சுற்றிலும் புல் இருந்தும் மாடு மெலிவது இதனால்தான். உடனே மக்காச்சோள மாவை அள்ளி வைப்பார்கள். அது அடுத்த தவறு. மாவுச்சத்து அதிகமானால் நார் செரிப்பது இன்னும் குறையும். அப்போது வேண்டியது புரதம். புண்ணாக்கைக் கொஞ்சம் கொடுத்தாலே காய்ந்த புல்லைக் கூடுதலாகத் தின்னும். நைட்ரஜனுக்காக யூரியாவை மட்டும் கைக்கணக்கில் கலக்காதீர்கள், அளவு மீறினால் விஷம்.

சரி, இளம் புல் என்றால் எல்லாம் நல்லதா? அதில் 80 சதவீதம் வரை தண்ணீர். பொட்டாசியம் அதிகமாகவும் மக்னீசியம் குறைவாகவும் இருந்தால், கன்று ஈன்ற மாடுகளுக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். வேர் தேறுவதற்குள் மேயவிட்டால் அந்தப் பருவம் முழுக்கப் புல் தள்ளாடும்.

புதர்களையும் மரத்தழைகளையும் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் தவறே. புல் காய்ந்தபின்னும் அவற்றில் புரதம் நிற்கும். ஆனால் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த தழையில் அந்தப் புரதம் முழுதாக மாட்டுக்குக் கிடைக்காது. காய்ந்த புல்லில் பாஸ்பரசும் குறைவு என்பதால் தாது உப்பு அவசியம்.

கடைசியாக, ஆய்வகச் சோதனை. ஒருமுறை சோதித்த முடிவை ஆண்டு முழுக்க நம்பாதீர்கள், பருவத்துக்குப் பருவம் மாதிரி எடுங்கள். அரிவாளால் அடியோடு அறுத்த புல்கட்டு, மாடு உண்மையில் தின்பதைக் காட்டாது. மாடு தண்டை ஒதுக்கி இலையைத் தேடித் தின்னும். கொஞ்ச நேரம் பின்னால் நடந்து, அது கடிக்கும் செடியில் கடிக்கும் பகுதியைக் கிள்ளி அனுப்புங்கள்.