உடல் நிற்கும் விதமும் தசை ஏற்றத்தாழ்வும்: புதிய ட்ரெய்னர்களுக்கான செய்முறை

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஜிம் நடத்துபவர்கள் ஆளைச் சோதிக்கும் முன் தரையைச் சோதியுங்கள். சரிவில் எழுப்பிய கட்டடங்களில் தரை லேசாகச் சாய்ந்திருக்கலாம்; அதில் நின்றால் யாருக்கும் ஒரு பக்க இடுப்பு உயர்ந்துதான் தெரியும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, மட்டமான இடத்தில் இரண்டு பாதங்களுக்கும் அடையாளம் போடுங்கள். அதன் அருகே மேலிருந்து தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

காலைக் குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு வருபவரைப் பார்த்ததும் ‘கழுத்துத் தசை இறுக்கம்’ என்று எழுதிவிடக் கூடாது. 5 நிமிடம் நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்லுங்கள். பிறகு ஸ்வெட்டர், ஷூ, சாக்ஸ் இல்லாமல், உடம்பை ஒட்டிய டி-ஷர்ட்டோடு நிற்கட்டும்.

பக்கவாட்டில் பார்க்கும்போது தூக்குக்குண்டின் நூல் வெளிக் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். அங்கிருந்து மேலே முழங்கால் நடுவுக்குச் சற்று முன்னாலும், இடுப்பு மூட்டு, தோள், காது மடல் வழியாகவும் அது போனால் நல்லது. முன்னும் பின்னும் தோள், இடுப்பெலும்பு, பாத வளைவு ஆகியவற்றைப் பாருங்கள். போட்டோ எடுத்தால் போனை இடுப்பு உயரத்தில், 3 மீட்டர் தள்ளி, சாயாமல் வையுங்கள். இடம் வலம் சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. அதைக் காட்டி யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

நின்ற நிலை சந்தேகத்தை மட்டுமே கிளப்பும். எந்தத் தசை என்பதை அசைவில்தான் பிடிக்க முடியும்.

கைகளை மேலே தூக்கி, பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, 5 முறை ஸ்குவாட் செய்யச் சொல்லுங்கள். இடையில் திருத்தாதீர்கள், திருத்தினால் அவருடைய இயல்பான பழக்கம் மறைந்துவிடும். குதிகால் எழும்பினாலோ உடம்பு அதிகமாக முன்னால் சாய்ந்தாலோ, இரண்டு குதிகாலுக்கும் அடியில் 2.5 கிலோ பிளேட் வைத்து மறுபடி செய்யச் சொல்லுங்கள். உடனே சரியானால் கோளாறு பெரும்பாலும் கணுக்காலில்தான். உள்ளே மடங்கிய முழங்காலும் சேர்ந்து நேரானால் அதற்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். பிளேட் வைத்தும் முழங்கால் மடங்கினால், ஒற்றைக் காலில் 30 நொடி நிற்க வையுங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு இறங்கினால், ஊன்றிய கால் பக்கத்து வெளிப்புறப் புட்டத் தசை பலவீனம்.

கணுக்காலை அளக்க ஒரு சுவர் போதும். குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். அப்படித் தொட முடிகிற கடைசித் தூரம் வரை பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்த்துங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடையே சுமார் 10 செ.மீ. வந்தால் போதும். குறைந்தால் எங்கே பிடிக்கிறது என்று கேளுங்கள். பின்பக்கம் இழுத்தால் கெண்டைக்கால் தசை இறுக்கம். முன்பக்கம் மூட்டில் குத்தினால் ஸ்ட்ரெச்சிங் மட்டும் பலன் தராது. ஏற்ற இறக்கத்திலேயே நடந்து பழகியவருக்குக் கெண்டைக்கால் நெகிழ்வாக இருக்கும் என்று ஊகிக்காமல் அளந்தே பாருங்கள்.

முதுகில் பையோடு குனிந்து கொழுந்து பறிப்பவர்களுக்குத் தோள் முன்னால் வளைந்திருந்தால், தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தோளின் பின்புறம் தரையிலிருந்து இரண்டு விரற்கடைக்கு மேல் தூக்கி நின்றால் மார்புத் தசை இறுகியிருக்கலாம். தரையோடு படிந்தால் மேல்முதுகுக்குப் பலம் கூட்டும் பயிற்சியில் தொடங்குங்கள்.

கை கால் மரத்துப்போதல், இரவிலும் விடாத வலி இருந்தால் சோதனையை நிறுத்தி டாக்டரிடம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு 4 முதல் 6 வாரம் கழித்து, அதே நேரத்தில், தரையில் போட்ட அதே அடையாளத்தில் நிறுத்தி மறுபடி அளந்து எழுதுங்கள்.