ரிப்ளை அழுத்தினால் போதாது: மெயில் குழுவில் போடும் பதில் எல்லோருக்கும் போய்ச் சேர என்ன செய்யவேண்டும்?

அடுக்குமாடிச் சங்கத்தின் மெயில் குழுவில் ஒருவர் "நாளைக்குத் தண்ணீர் லாரி உண்டா?" என்று கேட்கிறார். செயலாளர் உடனே "உண்டு, காலை ஏழு மணிக்கு" என்று பதில் போட்டுவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மாடிக்காரர் அதே கேள்வியைக் கேட்கிறார், அப்புறம் ஐந்தாவது மாடிக்காரர். "அப்போதே சொன்னேனே" என்று செயலாளருக்கு எரிச்சல். சொன்னார்தான், ஆனால் கேட்டவர் ஒருவருக்கு மட்டும் சொன்னார். குழுவில் இருக்கும் மற்றவர்களைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு இன்னும் யாரும் பதிலே சொல்லவில்லை.

பல குழுக்களில் இது தினசரி நடக்கிறது. இனி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்க்கலாம். உதாரணத்துக்கு ஜிமெயிலையும் கூகுள் குரூப்ஸையும் எடுத்துக்கொள்கிறேன், பெரும்பாலானவர்கள் அதில்தான் இருக்கிறீர்கள்.

1. பதில் யாருக்குப் போகும் என்று முதலில் பாருங்கள்

கணினியில் குழுவிலிருந்து வந்த ஒரு மெயிலைத் திறங்கள். அனுப்பியவர் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் யாருக்கு வந்தது என்று இருக்கும், அதன் பக்கத்தில் கீழ்நோக்கிய ஒரு குட்டி அம்புக்குறி. அதை அழுத்தினால் ஒரு பெட்டி விரியும். அதில் 'ரிப்ளை-டு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரியில் குழுவின் முகவரி இருந்தால் சாதாரண ரிப்ளையே எல்லோருக்கும் போய்விடும். தனி ஆளின் முகவரி இருந்தாலோ, அந்த வரியே இல்லாமல் 'ஃப்ரம்' வரியில் தனி ஆளின் முகவரி இருந்தாலோ, ரிப்ளை அவருக்கு மட்டும்தான்.

இதில் ஏமாந்துபோக ஒரு இடம் உண்டு. சில மெயில்களில் அனுப்பியவர் பெயரோடு 'வயா' என்று குழுவின் பெயரும் சேர்ந்து, ஃப்ரம் வரியில் குழு முகவரியே இருக்கும். 2014 ஏப்ரலில் யாஹூ போலி மெயில்களைத் தடுக்க, ஃப்ரம் வரியில் இருக்கும் முகவரி உண்மைதானா என்று சோதிக்கும் டிமார்க் விதியை இறுக்கியபோது, குழு வழியாக மறு அனுப்பாகிற நல்ல மெயில்களும் போலி என்று திருப்பி அடிக்கப்பட்டன, அதைச் சமாளிக்கத்தான் குழு மென்பொருள்கள் ஃப்ரம் வரியை மாற்ற ஆரம்பித்தன. அதனால் ஃப்ரம் வரியைப் பார்த்து முடிவு செய்யவேண்டாம், ரிப்ளை-டு இருந்தால் அது சொல்வதுதான் நடக்கும்.

2. ரிப்ளை ஆல் வழக்கமாகட்டும்

'ரிப்ளை ஆல்' என்றால் அனுப்பியவரோடு அந்த மெயிலில் தெரியும் குழு முகவரிக்கும் பதில் போகும். ஜிமெயிலில் மேலே வலது பக்கம் பல்சக்கரம், அதில் 'சீ ஆல் செட்டிங்ஸ்', 'ஜெனரல்' பகுதியில் 'டிஃபால்ட் ரிப்ளை பிஹேவியர்'. அங்கே 'ரிப்ளை ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தின் அடிமட்டம் வரை போய் 'சேவ் சேஞ்சஸ்' அழுத்துங்கள். அந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் ஜன்னலை மூடிவிட்டு "நான் மாற்றினேன், மாறவில்லை" என்பவர்கள் ஏராளம்.

அதே பக்கத்தில் 'அண்டூ சென்ட்' என்று இருக்கும், அதை 30 நொடிக்கு ஏற்றிவிடுங்கள். ரிப்ளை ஆல் வழக்கமாகிவிட்டால் ஒருவருக்கு மட்டும் சொல்லவேண்டியது ஊருக்கே போகும் ஆபத்தும் கூடவே வருகிறது, அந்த 30 நொடி பல உறவுகளைக் காப்பாற்றும்.

அவுட்லுக்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ரிப்ளை ஆல். தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள், அதில் 'ரிப்ளை லிஸ்ட்' என்று தனிப் பொத்தானே உண்டு. குழு மெயில்களின் தலைப்பகுதியில் நம் கண்ணுக்குத் தெரியாமல் 'லிஸ்ட்-போஸ்ட்' என்று ஒரு வரி இருக்கும், 1998லேயே வகுத்த முறை அது, தண்டர்பேர்ட் அதைப் படித்து நேராகக் குழுவுக்கே அனுப்பிவிடும். ஜிமெயிலில் இப்படி ஒரு பொத்தான் இல்லை.

3. எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறீர்கள்?

குழுவில் சேர்ந்தது சொந்த முகவரியில், போனில் பதில் எழுதும்போது ஃப்ரம் வரியில் நிற்பது அலுவலக முகவரி. உறுப்பினர் மட்டுமே எழுதலாம் என்று வைத்திருக்கும் குழு அதை ஏற்காது: மெயில் திரும்பி வரும், அல்லது நிர்வாகியின் ஒப்புதலுக்காகக் கிடக்கும். ஒரே ஜிமெயிலில் பல முகவரிகளைச் சேர்த்து வைத்திருந்தால், 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும்படி மாற்றிக்கொள்ளலாம்.

4. பிசிசி

பிசிசி என்பது மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் முகவரி போடும் வரி. அனுப்பியவர் குழு முகவரியை பிசிசியில் போட்டிருந்தால் ரிப்ளை ஆல் கொடுத்தும் பயனில்லை, மறைத்த முகவரி பதிலில் வராது. குழு முகவரியை நீங்களே தட்டச்சு செய்து சேர்க்கவேண்டும். இதற்காகவே அதைத் தொடர்புப் பட்டியலில் ஒரு பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள்.

5. போய்ச் சேர்ந்ததா?

புதிதாக வருகிறவர்கள் அதிகம் பயப்படுவது இங்கேதான். பதில் போட்டாயிற்று, ஆனால் குழுவிலிருந்து அதன் பிரதி உங்கள் இன்பாக்ஸுக்கு வரவே இல்லை. உடனே போகவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அனுப்பாதீர்கள். நீங்கள் அனுப்பிய மெயில் குழு வழியாக உங்களுக்கே திரும்பி வரும்போது ஜிமெயில் அதைத் தனியாகக் காட்டாது, 'சென்ட்' பகுதியில் இருப்பதுதான் உங்களுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் கூகுள் குரூப்ஸில் குழுவைத் திறந்து பாருங்கள், அங்கே இருந்தால் எல்லோருக்கும் போயிற்று.

6. நீங்களே நிர்வாகியா?

அப்படியானால் குழுவின் அமைப்புகளில் மெயில் தொடர்பான பகுதியைத் திறங்கள். பதில்கள் முழுக் குழுவுக்கா, எழுதியவருக்கு மட்டுமா, அல்லது அனுப்புகிறவரே முடிவு செய்யட்டுமா என்று தேர்வுகள் இருக்கும். மெயில் குழுக்களை நடத்தப் பயன்படும் மெயில்மேன் மென்பொருளிலும் இதே கேள்வி உண்டு, பெரும்பாலான குழுக்களுக்கு 'எழுதியவருக்கே' என்பதைத்தான் அது வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. காரணம் சரியானது: எல்லோருக்கும் போகவேண்டியது ஒருவருக்குப் போனால் இன்னொரு தடவை அனுப்பிக்கொள்ளலாம், ஒருவருக்குச் சொன்னது எல்லோருக்கும் போனால் திரும்பப் பெற முடியாது.

இருந்தாலும் என் கருத்து வேறு. ஒருவரை ஒருவர் தெரிந்த சின்னக் குழு, பேச்சு முழுக்கப் பொது விஷயம் என்றால் 'முழுக் குழு' என்றே வையுங்கள். ஐம்பது பேருக்கு ரிப்ளை ஆல் சொல்லிக்கொடுப்பதைவிட அது சுலபம். மின்தமிழ் மாதிரி முன்பின் தெரியாதவர்கள் நிறையப் பேர் பேசுகிற மடலாடற்குழுக்களில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். எதை மாற்றினாலும் குழுவில் ஒரு மெயில் போட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழைய பழக்கத்தில் யாராவது தன் வங்கி விவரத்தை எல்லோருக்கும் அனுப்பிவைப்பார்.

ஏற்கனவே ஒருவருக்கு மட்டும் போய்விட்டதா?

சென்ட் பகுதியில் இருப்பதை ஃபார்வர்ட் செய்தால் தலைப்பு மாறி, உரையாடலிலிருந்து பிய்ந்து தனியாகத் தொங்கும். குழுவில் வந்த கேள்வியைத் திறந்து, ரிப்ளை ஆல் கொடுத்து, எழுதியதை அப்படியே வெட்டி ஒட்டி அனுப்புங்கள், அதே இழையில் சேர்ந்துகொள்ளும். வேறொருவர் உங்களுக்கு மட்டும் அனுப்பிய பதில் எல்லோருக்கும் பயன்படும் என்று தோன்றினால், "குழுவில் போடலாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் வேண்டுமென்றேகூடத் தனியாக எழுதியிருக்கலாம்.