வான்கோழிப் பண்ணையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கறிக்கோழிக் கணக்கு இங்கே செல்லாது

வான்கோழி வளர்ப்பில் பெரிய நட்டத்தைச் சந்திப்பவர்களுள் பலர், ஏற்கெனவே கறிக்கோழி வளர்த்துப் பழகியவர்கள். கோழியே அறியாத புதியவர் ஒவ்வொன்றையும் நாலு பேரிடம் கேட்டுத்தான் செய்வார். பழகியவரோ, கொட்டகை இருக்கிறது, குஞ்சுக்கு வெப்பமூட்டும் புரூடர் இருக்கிறது, தீவனக் கடையில் பற்று வரவு இருக்கிறது, பறவைதானே மாறுகிறது என்று துணிந்து குஞ்சு இறக்கிவிடுகிறார். அமெரிக்காவின் பட்டர்பால், ஜென்னி-ஓ போன்ற நிறுவனங்களுக்காக வளர்க்கப்படும் ஆயிரக்கணக்கான வெள்ளை வான்கோழிகள் ஒரே கூரையின் கீழ் நிற்கும் காணொளிகளைப் பார்த்தபின் அந்தத் துணிச்சல் இன்னும் கூடுகிறது. அந்தக் கொட்டகைக்குப் பின்னால் நிறுவனத்தின் சொந்தத் தீவன ஆலையும், கால்நடை மருத்துவர்களும், குளிர்பதனக் கிடங்கும் இருப்பதைக் காணொளியில் யாரும் காட்டுவதில்லை. வான்கோழி என்பது உருவம் பெருத்த கறிக்கோழி அன்று. அதன் நோய், தீவனம், இனப்பெருக்கம், சந்தை எல்லாமே வேறு.

உயிர்ச்சேதத்தை அதிகம் உண்டாக்கும் தவறிலிருந்து தொடங்கலாம். நாட்டுக்கோழி மேய்ந்த நிலத்திலேயே வான்கோழியை மேயவிடுவதும், இரண்டையும் ஒரே பட்டியில் அடைப்பதும் நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கின்றன. கோழியின் குடல்வால் பகுதியில் வாழும் ஒரு சிறு உருளைப்புழுவின் முட்டைக்குள், ஹிஸ்டோமோனாஸ் என்னும் ஒற்றைச்செல் நுண்ணுயிரி ஒளிந்திருக்கும். கோழிக்கு அதனால் பெரும்பாலும் வெளியில் தெரியும்படி ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எச்சத்தின் வழியாக அந்தப் புழுமுட்டை மண்ணில் விழுந்து ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதைத் தின்ற மண்புழுவையோ, அந்த மண்ணையோ வான்கோழி கொத்தித் தின்றால் கருந்தலை நோய் வருகிறது. ஒரு பறவைக்கு வந்தபின் மற்றவற்றுக்குப் பரவுவதற்குப் புழுவின் துணைகூடத் தேவையில்லை, ஒன்றோடொன்று நெருங்கி நிற்பதே போதும். மந்தையில் பாதிக்கு மேல் இறப்பது அரிதன்று.

இந்த நோயில் தலை கறுக்கும் வரை காத்திருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள், ஏனெனில் பல பறவைகளுக்குத் தலை கறுப்பதே இல்லை. கவனிக்க வேண்டியது எச்சத்தை: கந்தக மஞ்சள் நிறத்தில், தண்ணீராகக் கழியும். சிறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி ஒதுங்கி நிற்கும் பறவை இறந்தபின் அறுத்துப் பார்த்தால், ஈரலில் வட்ட வட்டமாக, நடுவில் குழிந்த தழும்புகள் இருக்கும். குடல்வால் தடித்து, உள்ளே பாலாடைக்கட்டி போன்ற பொருள் அடைத்திருக்கும். மருந்து கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். அமெரிக்காவில் இதற்கென இருந்த நைட்டார்சோன் என்னும் ஆர்செனிக் கலந்த மருந்தும் 2015ஆம் ஆண்டின் இறுதியில் விலக்கிக்கொள்ளப்பட்டதால், அத்தனை பெரிய நிறுவனங்களே தடுப்பை மட்டும் நம்பித்தான் தொழில் செய்கின்றன. தடுப்பு என்றால் கோழிக்கும் வான்கோழிக்கும் தனித்தனி இடம், தனித்தனிச் செருப்பு, தனித்தனி மண்வெட்டி, காலம் தவறாத குடற்புழு நீக்கம். கோழி இருந்த கொட்டகையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தரையில் பரப்பியிருந்த பழைய ஆழ்கூளம் முழுவதையும் அகற்றிய சிமென்ட் தரை ஓரளவு பாதுகாப்பானது. மண் தரை வேண்டவே வேண்டாம்.

இதே காரணத்துக்காக வாத்துக்குப் பக்கத்திலும் வான்கோழி வைக்கக் கூடாது. பறவைக் காய்ச்சல் வைரஸை வாத்து பல வேளைகளில் நோய்க்குறியே காட்டாமல் சுமக்கும், வான்கோழியோ மிக எளிதில் மடியும். அமெரிக்காவில் வான்கோழி வளர்ப்பில் முதலிடத்தில் உள்ள மின்னசோட்டா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டு வந்த பறவைக் காய்ச்சலில், முட்டைக் கோழிகளையும் சேர்த்து ஏறத்தாழ 90 லட்சம் பறவைகள் அழிந்தன. இங்கிலாந்தின் பெர்னார்ட் மேத்யூஸ் நிறுவனம் 2007ஆம் ஆண்டு சஃபோக் மாவட்டத்திலுள்ள தன் ஹோல்ட்டன் பண்ணையில் சுமார் 1,60,000 வான்கோழிகளைக் கொன்று அகற்ற நேர்ந்தது.

அடுத்தது தீவனம். கறிக்கோழிக் குஞ்சுக்கான ஸ்டார்ட்டர் தீவனத்தில் புரதம் ஏறத்தாழ 22 விழுக்காடு இருக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் வாரங்களில் 28 விழுக்காடு வேண்டும். புரதம் குறைந்தால் வளர்ச்சி குன்றும், கால் கோணும். ஆனாலும் அது சரிசெய்யக்கூடிய குறை. சரிசெய்ய முடியாத ஆபத்து ஒன்று கறிக்கோழித் தீவன மூட்டைக்குள் இருக்கலாம். ரத்தக்கழிச்சலைத் தடுப்பதற்காகக் கறிக்கோழித் தீவனத்தில் சேர்க்கப்படும் மருந்துகளுள் சலினோமைசினும் நராசினும் வான்கோழிக்கு நஞ்சு. கோழிக்கு முற்றிலும் பொருந்தும் அதே அளவே வான்கோழியின் இதயத்தையும் தசைகளையும் சிதைத்துவிடும்.

இதில் ஒரு வஞ்சகமும் உண்டு. இளங்குஞ்சுகள் இந்த மருந்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும், வளர்ந்த பறவைகளே எளிதில் மாளும். எனவே, "குஞ்சில் இதைத்தானே போட்டோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பத்துப் பன்னிரண்டு வாரத்தில் மீந்த கறிக்கோழித் தீவனத்தைக் கொட்டும் பண்ணையாளருக்குத்தான் அடி விழுகிறது. பறவை நெஞ்சைத் தரையில் ஊன்றி, கால்களைப் பின்புறமாக நீட்டிப் படுத்துவிடும், மூச்சுத் திணறும். கால் விழுந்ததைப் பார்த்ததும் வெள்ளைக்கழிச்சல் என்னும் வைரஸ் நோய் என்று முடிவுகட்டித் தடுப்பூசிக்கு ஓடுபவர்கள் உண்டு. அதற்குள் அந்தத் தீவனத்தையே மேலும் இரண்டு வேளை தின்றிருக்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, தீவனத்தை உடனே நிறுத்துவது ஒன்றே வழி. மூட்டையில் மருந்தின் பெயர் அச்சிடப்படவில்லை என்றால், வான்கோழிக்கு என்று வெளிப்படையாகச் சொல்லி ஆலையிலேயே கேட்டு வாங்க வேண்டும். தீவனச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் குதிரைமசால், வேலிமசால், முயல்மசால் போன்ற பசுந்தீவனத்தைப் பக்கத்திலேயே வளர்த்து நறுக்கிப் போடுவது நல்லது. வான்கோழி பசுந்தழையைக் கோழியைவிட விரும்பித் தின்னும்.

குஞ்சுப் பருவத்துத் தவறுகளுள் முதன்மையானது, தீவனத் தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் குஞ்சுகள் தின்கின்றன என்று நம்புவது. கோழிக்குஞ்சு பெட்டியிலிருந்து இறக்கிய உடனே கொத்தத் தொடங்கும். வான்கோழிக் குஞ்சுக்குப் பார்வையும் மந்தம், மிரட்சியும் அதிகம். தட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பட்டினியால் சாகும். முதல் சில நாள்களுக்கு ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும், இரைப்பையைத் தடவிப் பார்த்து இரை இருக்கிறதா என்று அறிய வேண்டும். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தால், அவற்றைக் கொத்தப்போய்க் குஞ்சு குடிக்கப் பழகும். தட்டில் விழுந்து மூழ்குவதும் குறையும். முதல் 15 நாள்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பாலும், 10 குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டையும் கொடுக்கும்படி கால்நடைத் துறையினர் கூறுவதைக் கறிக்கோழிக்காரர்கள் கேலியாகப் பார்ப்பதுண்டு. அந்தச் செலவு இரண்டு வாரத்தோடு முடிந்துவிடும், அதைத் தவிர்ப்பவர் இழக்கும் குஞ்சுகளின் விலை அதைவிட அதிகம்.

புரூடர் வெப்பம் முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட்டில் தொடங்கி வாரத்துக்கு 5 டிகிரி வீதம் குறைய வேண்டும். இது கோழிக்குஞ்சுக்கும் ஏறத்தாழ அப்படித்தான்; ஆனால் வான்கோழிக்கு நான்கு வாரம் வரை இந்த வெப்பம் தேவை, குளிர்காலமானால் அதற்கு மேலும் ஓரிரு வாரம். இரண்டாம் வாரத்திலேயே விளக்கை அணைத்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் கிடப்பவை நசுங்கிச் சாகும். புரூடர் தடுப்பு வட்டமாக இருக்க வேண்டும் என்று சொல்வதும் மூலையே இல்லாமல் செய்வதற்குத்தான். வழுக்கும் காகிதத்தைத் தரையில் விரித்தால் கால் அகன்று ஊனமாகும்.

இட அளவில் செய்யும் பிழை எளிய கணக்குப் பிழை. கறிக்கோழிக்கு ஒரு சதுர அடி போதும். வான்கோழிக்கு நான்கு வாரம் வரை 1.25 சதுர அடி, பதினாறு வாரம் வரை 2.5 சதுர அடி, அதன்பின் 4 சதுர அடி தேவைப்படும். ஆயிரம் கறிக்கோழி வளர்த்த கொட்டகையில் 400 வான்கோழி, விற்பனை தள்ளிப்போனால் 250தான் நிற்க முடியும் என்பதைக் குஞ்சு வாங்குவதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனத் தேர்வில், அமெரிக்க நிறுவனங்கள் வளர்க்கும் அகன்ற மார்பு வெள்ளை இனத்தையே தேடி அலைவது ஒரு மோகம். அந்தப் பறவை மார்புக் கறிக்காகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. சேவலின் உடல் கனத்தால் இயற்கையாக இணைசேர இயலாமல், செயற்கை முறைக் கருவூட்டல் மூலமே குஞ்சு பெறப்படுகிறது. உலகச் சந்தையில் விற்பனையாகும் வான்கோழி மூல இனங்களின் பெரும்பகுதி ஏவியாஜென், ஹென்ட்ரிக்ஸ் ஆகிய இரண்டு நிறுவனக் குழுமங்களின் கையில் இருக்கிறது. சேவல் ஒன்றும் பெட்டை சிலவும் வாங்கிப்போட்டு வீட்டிலேயே பெருக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவருக்கு இந்த இனம் ஒத்துவராது. பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை இனமும், அதை நம் ஊர்க் கறுப்பு வான்கோழியோடு கலந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 இனமும் இணைசேர்ந்து பெருகக்கூடியவை. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் என்ற விகிதம் போதும். மேரிலாந்தில் அமெரிக்க வேளாண் துறையினர் சிறு குடும்பங்களின் அடுப்புக்கு ஏற்ற பறவை வேண்டும் என்று 1930களில் உருவாக்கத் தொடங்கிய அந்தப் பெல்ட்ஸ்வில் இனம், 1970களுக்குள் அங்கே வணிகத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது என்பதும், அதன் ரத்தம் நம் ஊர்ப் பண்ணைகளில் இன்றும் ஓடுகிறது என்பதும் வேடிக்கைதான்.

இனி, நிறுவன முறை என்ற சொல்லைக் கேட்டு மயங்குவதைப் பற்றி. கறிக்கோழியில் உடுமலையிலிருந்து தொடங்கிய ஒப்பந்தப் பண்ணை முறையில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் பண்ணையாளருடையவை. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. அமெரிக்க வான்கோழி நிறுவனங்களும் பெருமளவு இப்படித்தான் இயங்குகின்றன. பல்லடத்தில் கறிக்கோழிக்கும் நாமக்கல்லில் முட்டைக்கும் விலை அறிவிக்கப்படுவதால், இடைத்தரகர் எவ்வளவு குறைத்துக் கேட்கிறார் என்பதாவது தெரியும். வான்கோழிக்கு அத்தகைய விரிவான ஒப்பந்த அமைப்போ அறிவிக்கப்பட்ட விலையோ இங்கே இல்லை. இறந்த பறவையும் இறங்கிய விலையும் முழுக்க வளர்ப்பவர் தலையில்தான். இந்த வெற்றிடத்தில்தான், "குஞ்சு எங்களிடம் வாங்குங்கள், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்" என்ற விளம்பரங்கள் முளைக்கின்றன. 2012ஆம் ஆண்டு பெருந்துறையில் வெடித்த ஈமு பறவை வளர்ப்பு மோசடியும் இதே வாக்குறுதியில் நின்றதுதான். ஈமுவுக்குக் கறிச்சந்தையே இல்லாமல், அடுத்துச் சேரும் முதலீட்டாளரின் பணத்திலிருந்து முந்தையவருக்குப் பணம் போனது. திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்பவரிடம், வாங்கிய பறவையை எங்கே அறுக்கிறார், யாருக்கு விற்கிறார் என்று நேரில் பார்த்துக் கேட்டுவிட்டே முன்பணம் கொடுக்க வேண்டும்.

உலகெங்கும் வளர்ந்துகொண்டே போகும் தொழில் இது என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு 30 கோடிக்கு மேல் வளர்க்கப்பட்ட வான்கோழி, அண்மை ஆண்டுகளில் சுமார் 20 கோடி என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பறவையின் எடையும் கூடியிருப்பது ஒரு காரணம், நுகர்வு குறைந்ததும் பறவைக் காய்ச்சலும் மற்றவை.

விற்பனை நாளைக் கணக்கிடாமல் குஞ்சு இறக்குவது கடைசியாகச் சொல்ல வேண்டிய, ஆனால் பணத்தில் பெரிய தவறு. நம் ஊரில் வான்கோழிக்குப் பெரிய கேட்பு கிறிஸ்துமஸை ஒட்டியே எழுகிறது. பறவை விற்பனை எடைக்கு வர 16 முதல் 18 வாரம் ஆகும். ஆகவே ஆகஸ்ட் நடுவிலிருந்து மாத இறுதிக்குள் குஞ்சு பொரித்திருக்க வேண்டும். முட்டை பொரிய 28 நாள் ஆவதால், ஜூலைக்குள் பொரிப்பகத்தில் முன்பதிவு முடிந்திருக்க வேண்டும். கறிக்கோழி முட்டையின் 21 நாளை மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு வாரம் அங்கேயே போய்விடும். பறவை பருத்து நிற்கும் அக்டோபரும் நவம்பரும் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் கூளம் ஈரமாகி, அம்மோனியா நெடி ஏறி, ரத்தக்கழிச்சலும் கால் புண்ணும் வரும். கூளத்தைக் கிளறிவிடுவதையும் சாரல் படுதாவையும் செப்டம்பரிலேயே ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

பட்டர்பால் போன்ற நிறுவனங்கள் நவம்பர் மாத நன்றியறிதல் திருநாளுக்கான பறவைகளை ஆண்டின் தொடக்கத்திலிருந்தே அறுத்து, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் உறையவைத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அதோடு அவர்களுடைய கறியில் பெரும்பகுதி முழுப் பறவையாக அன்றி, மார்புத் துண்டாகவும் கொத்துக்கறியாகவும் சாசேஜாகவும் ஆண்டு முழுவதும் விற்கிறது. இங்கே உயிரோடு விற்பவரிடம் டிசம்பர் 26ஆம் தேதி மீந்து நிற்கும் பறவை, தின்னும் தீவனத்துக்கு ஏற்ற எடையைக் கூட்டுவதில்லை. வாரத்துக்கு வாரம் நட்டம்தான். ஏழு கிலோ எடையுள்ள ஒரு சேவலை முழுதாக வாங்கும் குடும்பங்கள் குறைவு என்பதால், இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று கூறுபோட்டுத் தர ஒரு கறிக்கடையோடு முன்கூட்டியே பேசி வைத்திருப்பவர்களிடம் பறவை தேங்குவதில்லை. சொந்தமாக அறுத்து விற்க நினைப்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவையும், உறைபெட்டியையும், மின்தடைக்கான மாற்று ஏற்பாட்டையும் குஞ்சு வாங்கும் மாதமே செலவுக் கணக்கில் எழுதிவிடுவது நல்லது.