காய்ச்சல் வந்தால் நான் செய்வது

எனக்கு ப்ருகாடா, இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகக்கூடிய ஒரு நோய். 1992-இல் இதை விவரித்த பெட்ரோ, ஜோசெப் சகோதரர்களின் குடும்பப் பெயர் அது. கட்டடங்களில் மின்கம்பி வேலை பார்க்கிறேன், வீடு சிங்கப்பூரில், ஈசூனில். ஊரில் எல்லாருக்கும் காய்ச்சல் என்றால் கஞ்சி. எனக்கு முதலில் தெர்மாமீட்டர்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் மறக்காது. இதயத் தசைச் செல்லின் சவ்வில் சோடியம் புகும் வாயில்கள் உண்டு. அவை கண நேரம் திறந்து மூடினால்தான் துடிப்பு கிளம்பும். வாயிலை அமைக்கும் மரபணு எஸ்சிஎன்5ஏ. அதில் பிழை இருந்தால் வாயில் சரியாகத் திறக்காது, அல்லது சட்டென்று மூடிவிடும். உடம்பு சூடேறினால் இது இன்னும் மோசமாகலாம். மூன்று ஃபேஸில் ஒன்றில் மட்டும் வோல்டேஜ் இறங்கிய கதைதான்: விளக்கு எரியும், ஆனால் மோட்டார் திணறும். என் ரத்தத்தில் அந்த மரபணுவில் எதுவும் அகப்படவில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான் அகப்படுமாம். அதனால் நோயைக் காட்டிய இசிஜி, அதாவது இதயத்தின் மின்துடிப்பை வரையும் படம், பொய்யாகிவிடாது.

சரி, செய்வது என்ன? 38 டிகிரி வரைக்கும் காத்திருப்பதில்லை. உடம்பு கதகதத்ததுமே 500 மில்லிகிராம் பாரசிட்டமால் இரண்டு, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் எட்டைத் தாண்டாமல். சூடு இறங்காவிட்டால் கிளினிக்குக்குப் போய் இசிஜி கேட்பேன். கேட்கும்போது ஒன்று சொல்ல வேண்டும்: நெஞ்சின் மேல்புற இரண்டு ஒட்டிகளை ஒரு விலா இடைவெளி உயர்த்தி வையுங்கள் என்று. வழக்கமான இடத்தில் வைத்து ‘நார்மல்’ என்று ஒருமுறை என்னை அனுப்பிவிட்டார்கள். மேலே வைத்ததும் கோடு வளைந்து நின்றது. மயக்கமோ படபடப்போ வந்தால் கேள்வியே இல்லை, ஆம்புலன்ஸுக்கு 995.

புது மருந்து எதுவும் என் டாக்டரிடம் கேட்காமல் தொடுவதில்லை. பல் டாக்டரிடமும் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுவேன். பணப்பையில் என் நோயைச் சொல்லும் ஓர் அட்டை இருக்கிறது.

மனைவிக்கு நான் சொல்லி வைத்தது வேறு. தூக்கத்தில் என் மூச்சு கொரகொரவென்று விநோதமாகக் கேட்டால் உலுக்கு. எழாவிட்டால் 995-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நெஞ்சை அழுத்து. பிள்ளையைக் கீழே அனுப்பி மின்தூக்கிப் பக்கம் இருக்கும் ஏஇடியை, இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியை, எடுத்துவரச் சொல். இப்போதெல்லாம் சாதாரணமாகக் குறட்டை விட்டாலும் உலுக்குகிறாள்.